ஆவியைப் புகை என்று படித்த அத்தான்

என் மூத்த அக்காவைக் கட்டிய அத்தானுக்கு ஊரில் புகைக்காரர் என்று பேர். பீடி கூடத் தொடாத மனிதர். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவர் பார்த்த வேலைதான் அப்படி. ஊர்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, லேசர் பெட்டியை ஏதாவது ஒரு பட்டறையின் புகைபோக்கியை நோக்கித் திருப்புவார். பெட்டி ஒளியை அனுப்பும். திரும்பி வருவதை வைத்து, புகை நூற்றுக்கு எத்தனை பங்கு ஒளியை மறைக்கிறது என்று சொல்லிவிடும். இருபதைத் தாண்டினால் பட்டறைக்கு சீல். பட்டறைக்காரருக்கு அவர் வந்து போனதே தெரியாது.

ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை.

"என்னங்க, நாளன்னைக்கு எங்க கூடத்துக்கு சீல் வைக்கப் போறாங்களாமே? எழுதிக் குடுத்த புண்ணியவான் யாரு?"

"நான்தான். நாப்பது காட்டுச்சு."

"அடடா! கட்டின பொண்டாட்டி வேலைக்கே வேட்டு வச்சீங்களா?"

"பெட்டி சொன்னதைத்தானே எழுதினேன்?"

"புகைபோக்கிக்குப் பக்கத்துலயே ஆவிக்குழாய் இருக்கே. கொதிக்கிற தொட்டியிலேருந்து ஆவி வராம பன்னீரா வரும்?"

அத்தானின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ஆவியும் ஒளியை மறைக்கும். அவர் அதை யோசிக்கவே இல்லை.

மறுநாள் உச்சி வெயிலில் மறுபடி தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார். இந்தத் தடவை குழாய் வாயைப் பார்க்கவில்லை. காற்று போகும் பக்கம் தள்ளி, வெள்ளை ஆவி கரைந்துபோன இடத்தைப் பார்த்தார். ஆவி கரையும், புகை கரையாது. பெட்டி எட்டு என்றது.

அதிகாரி சொன்னாராம்: "மேகமூட்டத்தால முதல் அளவு சரியா விழலைன்னு எழுதிடுங்க. நம்ம தப்புன்னு காகிதத்துல வரவேண்டாம்."

அப்படி எழுதினால் சீல் உத்தரவு ரத்தாகாது; அடுத்த முறை அளக்கும் வரை மூன்று மாதம் கூடம் மூடித்தான் கிடக்கும். பதினொரு பெண்கள் வீட்டில் உட்கார வேண்டும்.

"தப்பாப் படிச்சவன் நான்தான் சார். மேகம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சொல்லி, தப்பைத் தன் பேரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சீல் உத்தரவு அன்றே ரத்து. பெட்டியையும் அன்றே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, தபால் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். பெட்டி என்றால் அவருக்கு உயிர். வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

விடிந்ததும் சலவைக்கூடத்து முதலாளியம்மா, தானே கஞ்சி போட்டுத் தேய்த்த புதுச் சட்டையோடு வாசலில் நின்றாள். அத்தான் போட்டுப் பார்த்தார். கஞ்சி விறைப்பில் கை மடங்கவே இல்லை.

"அம்மா, இதைப் போட்டுக்கிட்டு அட்டென்ஷன்லதான் நிக்க முடியும். தபாலை எப்படிப் பிரிக்கிறது?"

அக்கா சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சட்டையோடுதான் வேலைக்குப் போனார்.