ஏழாவது வரைவு

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் அந்த அம்மாள் ஒரு காலத்தில் வலைப்பூவில் தினமும் எழுதித் தள்ளியவர். மதியம் மேலாளர் முறைத்தால், சாயங்காலம் மேலாளர் வலைப்பூவில் இருப்பார். ஒருநாள் அந்த மனிதரே அதைப் படித்துவிட, வேலை தப்பியது மறுபிறவிதான். அன்றோடு ஞானம் வந்தது. எழுதியதை இருபது நாள் ஊறப்போடுவார். பிறகு முதலிலிருந்து திரும்ப எழுதுவார். பழையதை அழிக்கவும் மனம் வராது. ஏழாவது வரைவுதான் வெளியே போகும்.

இப்போது ஊறிக்கொண்டிருந்தது நாத்தனாரைப் பற்றிய பதிவு. பித்தப்பை ஆபரேஷனுக்காகத் தான் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு தெரு தள்ளி இருப்பவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதல் வரைவில் அவள் ராட்சசி, கல்நெஞ்சுக்காரி. நாலாவதில் வெறும் 'அவள்'. ஏழாவதில், 'அவளுக்கும் ஏதோ கஷ்டம் இருந்திருக்கும், மன்னித்துவிட்டேன்' என்று முடித்து, தன் பெருந்தன்மையில் தானே கண் கலங்கியிருந்தார்.

கணவர் நல்ல மனிதர். படிப்பதென்றால் மட்டும் கொட்டாவி வந்துவிடும். மனைவியின் பிறந்தநாளன்று காலை காபியோடு வந்து நின்றார்.

"பாவம், ஏழு கட்டுரை எழுதி வச்சுட்டு போட மறந்துட்டியே! எல்லாத்தையும் ராத்திரியே நானே போட்டுட்டேன். என் தங்கச்சிக்கும் அனுப்பிட்டேன்."

அம்மாள் காபியைக்கூட வாங்காமல் கணினிக்கு ஓடினார்.

"ஐயோ, குடியைக் கெடுத்தீங்களே! ஒரு வரியாவது படிச்சீங்களா?"

ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்தார். மூன்றை அழிப்பதற்குள் வாசல் மணி அடித்தது. நாத்தனார்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"முதல்ல இருக்கிறத விடும்மா. கடைசியைப் படி, அதுல நான்..."

"ஏழும் படிச்சேன் அண்ணி. நான் வந்தேன்."

"எங்க வந்தே?"

"ஆஸ்பத்திரிக்கு. ஆபரேஷனுக்கு மறுநாள். கதவு பாதி திறந்திருந்துச்சு. 'உங்க தங்கச்சி மட்டும் இங்க வந்துடக்கூடாது, என் கோலத்தை ஊரெல்லாம் சொல்லுவா'ன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டிருந்தீங்க. அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

அம்மாளுக்கு வலியில் ஏதோ புலம்பியது மங்கலாக நினைவிருந்தது, என்னவென்றுதான் தெரியவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தார். சொன்னாய் என்பதுபோல அவர் தலையை ஆட்டினார்.

"நாலு மாசம் யோசிச்சிருக்கீங்க, ஏழு தடவை எழுதியிருக்கீங்க," என்றாள் நாத்தனார். "ஒரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணி."