நீள ஸ்ட்ரோக் கிராங்கும் தீவுப் பாலமும்

வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய என் ஸ்கூட்டருக்கு ஒரே ஒரு குறை. என் மனைவி பாத்திமாவைப் பின்னால் வைத்துக்கொண்டு வெலிங்டன் தீவுப் பாலத்தில் ஏறாது. பாலத்தடியில் அவள் இறங்குவாள், உச்சிவரை நடப்பாள், அங்கே மறுபடி ஏறிக்கொள்வாள்.

மட்டாஞ்சேரியில் நம் மெக்கானிக் சேட்டனிடம் சிலிண்டரைப் பெரிதாக்கித் தரச் சொன்னேன்.

"அதுல ஓட்டம் ஜாஸ்தியாகும் பாய், இழுப்பு வராது. ஏத்தத்துக்கு ஸ்ட்ரோக் நீளமுள்ள கிராங்க்தான் நல்லது" என்றார். கிராங்க் என்பது பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டு; ஸ்ட்ரோக் நீளமானால் பிஸ்டன் கூடுதல் தூரம் போய்வருமாம். அதையே மாட்டி, பிஸ்டன் மேலே இடிக்காமலிருக்க சிலிண்டருக்கு அடியில் ஒரு தகடும் வைத்தார்.

இன்று காலை பரீட்சை. பாலத்தடியில் குறுக்கே வந்த கைவண்டிக்காக வேகத்தைக் குறைத்து, பிறகு முறுக்கினேன். அடடா, என்ன இழுப்பு! "பாத்தியா பாத்திமா, பாத்தியா!" என்று உச்சிவரை பேசிக்கொண்டே போனேன்.

திரும்பிப் பார்த்தால் பின் சீட் காலி.

கீழேயிருந்து நிதானமாக நடந்து வந்தாள். "வண்டி மெதுவாச்சு, எப்பவும்போல எறங்கிட்டேன் மச்சான்."

திரும்பி வரும்போது அவளை இறங்கவே விடவில்லை. முக்காமல் முனகாமல் வண்டி எங்கள் இருவரையும் மேலே கொண்டுபோய் நிறுத்தியது. நான் பெருமையோடு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் ஏறுது" என்றாள். "ஆனா இனிமே காயல் காத்து வாங்கிட்டு நடக்க முடியாதே. எனக்குன்னு இருந்தது அந்தக் கொஞ்ச தூரம்தான்."

பழைய கிராங்கை இன்னும் தூக்கிப் போடவில்லை. ஸ்கூட்டர் வைத்திருக்கும் நண்பர்களே, யோசனை சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.