ரோஸ்மேரியும் என் வழுக்கைத் தலையும்

நர்சரித் தொழிலில் செடி வளர்ப்பது சுலபம். வாங்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி மீள்வதுதான் பெரும்பாடு. கடை வைத்து உட்கார்ந்த எல்லாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் நர்சரி. தை மாதம் ஊட்டியிலிருந்து ரோஸ்மேரி என்கிற வாசனைச் செடிகள் இறக்கினேன். என் மனைவி சரஸ்வதி கறாராகச் சொல்லிவிட்டாள்: சித்திரை முடிவதற்குள் விற்காவிட்டால் அத்தனையையும் பிடுங்கிப்போட்டு அங்கே மிளகாய் நாற்று. நானும் லேசுப்பட்ட ஆளில்லை. விற்றே தீருவேன், ஆனால் மற்ற கடைக்காரர்கள் மாதிரி, இதைத் தேய்த்தால் முடி வளரும் என்று பொய் சொல்லி விற்க மாட்டேன் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதல் கேள்வி

வந்த முதல் அம்மணி போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். இலையைக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத் தலையில் தெளித்தால் முடி கொட்டாதாம். "வாசனையா இருக்குமுங்க. சளி புடிச்சா வெந்நீர்ல போட்டு ஆவி புடிக்கலாம்னும் சொல்லுவாங்க. கோழி வறுத்தா பிரமாதமா இருக்கும். முடிக்கு மட்டும் நான் பொறுப்பில்லைங்க" என்றேன். அவர் என் வழுக்கையை நிதானமாகப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க செடிய நீங்களே நம்பலீங்களா?"

கைப்பிடி

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர், கோழிக்கறிக்கு நல்லது என்று நான் சொன்னதை நம்பி ஒரு செடி வாங்கிப் போனார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு வைத்த விருந்தில், கறிவேப்பிலை போடுகிற மாதிரி ஒரு கைப்பிடி உருவிக் குழம்பில் போட்டுவிட்டார்கள்! மறுவாரம் வந்து நின்றார். ஒரே ஒரு கொத்தைப் பூண்டோடு எண்ணெயில் வதக்கி, இறக்கும்போது எடுத்துவிட வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"குத்தம் சொல்லலீங்க. ஆனா மாப்பிள்ளை ஊட்ல யாரும் ரெண்டாவது தடவை குழம்பு கேக்கலீங்க."

பட்டினி

அடுத்த தெரு டீச்சர் என்னிடம் வாங்கிய செடியைத் துளசிக்குப் பக்கத்தில் வைத்து, காலையும் மாலையும் சொம்பு சொம்பாக ஊற்றி வேரை அழுகவைத்துவிட்டார். வேறு செடி கொடுத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"இப்படிப் பட்டினி போட்டு வளத்தச் சொல்லறீங்களே, பாவமில்லீங்களா?"

கடைசித் தொட்டி

பங்குனி முடிந்தது. செடிகள் அப்படியே நின்றன. சரஸ்வதி மிளகாய் விதை வாங்கி வைத்துவிட்டாள். எனக்கு ராத்தூக்கம் போனது. ஆனாலும் முடிக்கதை மட்டும் வாயில் வரவில்லை. சித்திரை பிறந்த வாரம் பல்லடத்துக்காரர் வேனோடு வந்தார். நிச்சயதார்த்த விருந்தில் ஒரே கொத்துதான் போட்டாராம். கறிச்சட்டி காலியாம். சம்பந்தி வீட்டுக்கு, பங்காளிகளுக்கு, பண்ணை வேலிக்கு என்று எல்லாவற்றையும் ஏற்றினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூலையில் ஒரு தொட்டி மிஞ்சியது. அதையும் தூக்கப் போனேன். சரஸ்வதி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அதத் தொடாதீங்க, ஒரு மாசமா என்ற தலைக்கு அதுலதான் பறிக்கறேன்."

ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்லி விற்ற நான், அன்றைக்கு மட்டும் "முடி நல்லா அடர்த்தியாத்தான் தெரியுது கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தொட்டியைக் கீழே வைத்தேன்.