வெளிச்சத்துல நில்லு

"பின்னாடி என்ன சத்தம் அது?" என்று சார் கேட்டார். "எந்தச் சத்தம் சார்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஒலிப்பதிவு அறையின் பெரிய ஸ்பீக்கர்களில் என் அம்மா தன் கனவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் எங்கள் வீட்டு விசைத்தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்ததாம். சத்தியமாக எனக்கு அது கேட்கவில்லை. ஆரணியில் தறி ஓடும் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தறி நின்றால்தான் காதில் ஏதோ விழும்.

சென்னையில் இதழியலும் ஊடகத் தயாரிப்பும் படித்த கடைசி வருடம் அது. ஒருவர் தன் கனவைச் சொல்ல வேண்டும், அந்தக் குரலை மட்டும் வைத்து ஓர் ஒலிச்சித்திரம் செய்ய வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். என்னுடையதைச் சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கனவு நல்லா இருக்கு. குரல் தெளிவா வேணும். திங்கட்கிழமைக்குள்ள மறுபடி பதிஞ்சிட்டு வா" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வேறு யாருடைய கனவையாவது பதிந்து தொலைத்திருக்கலாம். ஆனால் அம்மாவின் கனவு மாதிரி ஒன்றை நான் கேட்டதே இல்லை.

அந்தக் கனவு அவளுக்கு அடிக்கடி வரும். எங்கள் நாகநதியில் கரை தொட்டுத் தண்ணீர் போகும். நிஜத்தில் பாதி வருடம் மணலாகக் கிடக்கும் ஆறு அது. எதிர்க்கரையில் ஊர் மொத்தமும் நடந்து போகும். யார் காலடியும் கேட்காது, தண்ணீரும் கேட்காது. அம்மா இந்தக் கரையில் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை அவள் சொல்லும்போதெல்லாம் நானும் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் ஆகிவிடுவேன். அம்மாவுக்குள் ஒரு கவிஞர் ஒளிந்திருக்கிறார் என்று விடுதியில் பெருமையடித்திருக்கிறேன்.

விடுதியில் அம்மா வேறொன்றுக்கும் பிரபலம். சாதாரணமாக போன் செய்யவே மாட்டாள், எப்போதும் வீடியோ கால்தான். எடுத்த எடுப்பில், "மூஞ்சக் காட்டுடி. வெளிச்சத்துல நில்லு" என்று மூன்றாவது அறைக்குக் கேட்கும்படி கத்துவாள். தோழிகள் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஓட்டினார்கள். நான் எங்கே யாரோடு இருக்கிறேன் என்று வேவு பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சல். இருட்டு மாடிப்படியில் நின்று பேசினால், "போடி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள்.

எங்கள் தறியை நிறுத்தினால் பக்கத்து வீட்டுத் தறி கேட்கும், அதை நிறுத்தச் சொன்னால் அதற்கடுத்த வீடு. அதனால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சமணர் மலையான திருமலைக்கு அழைத்துக்கொண்டு போனேன். போளூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. "கனவச் சொல்றதுக்கு மலையேறணுமா? நல்லா படிக்கிறீங்கடி படிப்பு" என்று வழியெல்லாம் முனகினாலும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவும் வைத்திருந்தாள். சமணர் குகைக்குச் சற்றுத் தள்ளி, பாறை நிழலில் உட்கார்ந்தோம். கீழே வயல்கள் வெயிலில் மங்கலாகத் தெரிந்தன. எங்கிருந்தோ ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது. எங்கள் தெருவிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் அமைதியா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பேச்சைப் பதிவதற்கு முன்னால் அந்த இடத்தின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிய வேண்டும். எங்கள் படிப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். ஒவ்வோர் இடத்தின் அமைதியும் வேறு வேறு, பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அதைத்தான் நிரப்புவோம். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். காற்று பாறையில் உரசிக்கொண்டு போனது. அம்மாவின் வளையல் ஒருமுறை அசைந்தது. அந்த ஒரு நிமிடம் முடியவே வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

முடிந்ததும், "ஆரம்பிமா" என்றேன். அவள் வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா" என்றேன். திரும்பவில்லை. தலைக்கு மேல் மரத்தில் கிளிகள் ஒரே நேரத்தில் வீறிட்டுக்கொண்டு பறந்தன. ஹெட்போனில் அது என் காதைக் கிழித்தது. அம்மா தலையைக்கூட உயர்த்தவில்லை.

நான் சுற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். அவள் கண் நேராக என் வாய்க்குப் போனது. "இன்னா, ஆரம்பிக்கட்டுமா?" என்றாள்.

எங்கள் தறி ஷெட்டில் யாரும் யாருக்கும் காது கொடுப்பதில்லை. வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அப்பா அந்தக் கோடித் தறியிலிருந்து உதட்டை அசைத்தால் அம்மா இங்கிருந்து பதில் சொல்வாள். நானும் நடக்கப் பழகியபோதே அதைப் பழகியவள்தான். அதனால் எங்கள் வீட்டில் ஒருத்திக்குக் காது போனால் யாருக்குமே தெரியாது. வெளிச்சத்துல நில்லு என்று அவள் கத்தியதெல்லாம் அப்போது ஒன்றன்பின் ஒன்றாக என் நெஞ்சில் வந்து விழுந்தது.

"எப்பலேர்ந்துமா?" என்றேன்.

"எது?" என்றாள். பிறகு புரிந்துகொண்டு சிரித்தாள். "ஷெட்டுல யாருக்குடி காது வேணும்? வாயப் பாத்தா போதாதா? சும்மா பேஜார் பண்ணாத. ஜல்தி முடி, பஸ்ஸு போயிரும்."

என்ன செய்வதென்று தெரியாமல் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினேன், பூவை நசுக்காமல். ஒலியை ஏற்றி, மைக்கை என் வாய்க்கருகே கொண்டுபோய், "அம்மா" என்றேன். இன்னும் ஏற்றி, மறுபடி "அம்மா" என்றேன்.

அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது. இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டாள்.

"இதாடி இப்ப உன் கொரலு?" என்றாள். "தடிச்சிப் போச்சே. நீ பள்ளிக்கூடம் போய்கினு இருந்தப்ப கீச்சுன்னு இருந்துச்சி."

மைக்கை அவள் பக்கம் திருப்பினேன். தன் குரலைக் கேட்டதும் பயந்துபோய், "நான் இவ்ளோ கத்துறனா?" என்றாள். அதன்பிறகு மெல்ல, வெகு மெல்ல, கனவைச் சொன்னாள். அப்படி ஒரு தணிந்த குரல் அம்மாவிடம் இருப்பது எனக்கே தெரியாது. இந்தமுறை கனவில் நானும் இருந்தேன். "நீயும் அந்தக் கரையில நடந்துகினு இருப்ப. என்னப் பாத்து ஏதோ சொல்லுவ. உன் வாய் அசையும். தூரத்துல சரியா தெரியாதுடி." போன தடவை அவள் அதைச் சொல்லவில்லை. அந்தப் பதிவைத்தான் திங்கட்கிழமை கொடுத்தேன். சார் ஒரு வெட்டுகூடச் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.

அன்று மலையில் கனவு முடிந்ததும் ஹெட்போனுக்காகக் கையை நீட்டினேன். அம்மா கொடுக்கவில்லை.

"பஸ்ஸு?" என்றேன் மைக்கில்.

"கெடக்கு. நீ பேசு."

"இன்னா பேசறது?"

"இத்தினி வருசமா இன்னா படிச்ச? அதச் சொல்லு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாள் வகுப்பிலிருந்து சொல்லத் தொடங்கினேன். செய்தியை எப்படித் தொடங்குவது, கேள்வியை எப்படிக் கேட்பது, கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பது வரை எல்லாம். அவள் கொஞ்ச நேரம் பழக்கத்தில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாறையில் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டு கேட்டாள்.