வளைவில் சிந்திய டீசல்

அன்றைக்கு வேனை எடுக்கச் சொன்னது நான்தான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் நடுவில் எங்காவது நழுவிக்கொள்ள வழி தேடுவேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவுக்குத் தெரியும்.

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு நாங்கள் எட்டு ஆசிரியர்கள் ஒரே வேனில் போய்வந்தோம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முன் சீட் எனக்கு. அதை யாரும் எனக்கு ஒதுக்கித் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டதுதான். வேன்காரரை எல்லோரும் அண்ணே என்று கூப்பிடுவோம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பல வருஷம் அடுத்தவர்களின் வாகனங்களை ஓட்டி, கடைசியில் ஒரு பழைய டீசல் வேனைச் சொந்தமாக்கிக்கொண்டவர். மனைவி தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். மூத்த மகள் என் வகுப்பில்தான் படித்தாள். அந்த வேனும் லைசென்சும் போனால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பாடசாலையில் ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் அதிபர் சிவப்புக் கோடு போடுவார். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்ததாகக் கணக்கு. அந்த மாதம் நான் இரண்டு முறை கோட்டுக்குக் கீழே போயிருந்தேன். இரண்டாவது தடவை அதிபர் எல்லோருக்கும் முன்னால் வைத்து, “பிள்ளைகளுக்கு நேரம் தவறாமை பற்றிச் சொல்லிக் கொடுக்கிறவங்க நீங்கதானே?” என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தாலும் இனி அந்தக் கோட்டுக்குக் கீழே போவதில்லை என்று முடிவு எடுத்திருந்தேன். அப்படிப்பட்டவள் அன்று காலையில் வேனைப் பத்து நிமிடம் காக்க வைத்தேன். குடை கிடைக்கவில்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

பாதி வழியில் ரோடு பெயர்ந்து கிடந்த இடத்தில் அடியில் ஏதோ டங்கென்று பட்டது. கொஞ்ச தூரம் போனதும் டீசல் வாடை வந்தது. அண்ணன் ஓரமாக ஒரு சமதரையில் வேனை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“டேங்க்ல கல்லு அடிச்சிருச்சுங்க டீச்சர். கீறல் விட்ருக்கு. சொட்டுச் சொட்டா இல்ல, ஒழுகி ஓடுது. எல்லாரும் எறங்கி மேல தள்ளி நில்லுங்க. போன் பேசுறதா இருந்தா அந்தப் பக்கமா போய்ப் பேசுங்க.”

அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் நான் குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பற்றரி வயரைக் கழற்றினார். வேன் கழுவுகிற தகர வாளியை ஒழுக்குக்கு நேரே வைத்தார். ரோட்டோர வடிகாலான கானுக்கு அந்தப் பக்கம் நின்ற மரத்தில் ஒரு கொப்பை முறித்து, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி ரோட்டில் போட்டார். தேயிலை மேட்டிலிருந்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வந்து, சிந்தியிருந்த டீசல் மேல் போட்டுக் காலால் தேய்த்தார். ஒரு மனிதன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். நான் மணியைப் பார்த்தேன். ஏழு பத்து.

“இன்னொரு வேனுக்குச் சொல்றேங்க. வர்றதுக்கு அரை மணித்தியாலம் ஆகும்” என்றார்.

எனக்கு மூளைக்குள் சிவப்புக் கோடுதான் ஓடியது. என் பையில் பிள்ளைகள் கைகழுவுவதற்கென்று வாங்கிய சவர்க்காரக் கட்டி ஒன்று புதிதாக இருந்தது. எண்ணெயில் சவர்க்காரம் கரையாது, ஒழுகுகிற இடத்தில் அப்பினால் அடைத்துக்கொள்ளும். கராஜில் யாரோ செய்து பார்த்திருக்கிறேன். அதை எடுத்து நீட்டினேன்.

“இது மழைக்கு நிக்காதுங்க டீச்சர். ரோட்டுத் தண்ணி அடிச்சா கரைஞ்சிரும்.”

“பத்து நிமிஷம் நின்னா போதும்தானே அண்ணே? டீசல்தானே, பெற்றோலா என்ன, பத்திக்கிறதுக்கு?”

“பத்திக்கும்னு சொல்லலைங்க. ஈர ரோட்டுல டீசல் விழுந்தா பின்னுக்கு வர்றவன் முடக்கு வளைவுல சறுக்கிருவான்.”

சவர்க்காரம் தண்ணீரில் கரையும் என்பதையும், எண்ணெய் தண்ணீருக்கு மேலே படலமாக மிதக்கும் என்பதையும் நான் ஒவ்வொரு வருஷமும் பேசின் ஒன்றில் தண்ணீர் வைத்துப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவள். அதையே ஒரு வேன்காரர் எனக்குச் சொன்னதும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மற்ற ஆசிரியர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது, பேச நான் இருந்தேன்.

“அப்படின்னா நாளையிலருந்து நாங்க வேற வேன் பாத்துக்கிறோம் அண்ணே” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சவர்க்காரத்தை வாங்கி, கீறலைத் துணியால் துடைத்து, நசுக்கி நசுக்கி அப்பினார். வாளியில் விழுந்திருந்ததை மூடி போட்ட கேனில் ஊற்றிப் பத்திரமாக மேட்டில் வைத்தார். பற்றரி வயரைக் கொழுவி வேனை எடுத்தார். வழியெல்லாம் கண்ணாடியில் பின்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நான் ஏழு இருபத்தெட்டுக்குக் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தேன். அதிபர் பக்கத்தில் நின்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு கெத்தாகக்கூட இருந்தது.

மூன்றாம் பாடம் நடக்கும்போது போன் வந்தது. பேசியது பொலிஸ்காரர். எங்களை இறக்கிவிட்டு, சவர்க்காரம் கரைந்து மறுபடி ஒழுகுவதைக் கண்டு, டேங்கில் மிச்சம் இருந்ததையும் வடித்துவிட்டு, அண்ணன் நடந்தே கீழே இறங்கியிருக்கிறார், வந்த வழியைப் பார்க்க. பாடசாலைக்கு இரண்டு வளைவு கீழே சனம் கூடி நின்றிருக்கிறது. டவுன் கடையொன்றில் இரவுக் காவல் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மனிதர் அந்த வளைவில் வழுக்கி, கானுக்குள் விழுந்து கிடந்தார். ஹேண்டிலில் கொழுவியிருந்த பாண் ரொட்டி ரோடெல்லாம் சிதறிக் கிடந்ததாம். அவருடைய மனைவி மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பித்தான் அவரைக் கீழே கூட்டி வந்திருக்கிறார்கள்.

யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, “இது என் வேன் டீசல்ங்க” என்று சொன்னது அண்ணன்தான். பொலிசுக்குப் போனதும் அவர் கேட்ட ஒரே உதவி என்னைக் கூப்பிடச் சொன்னதுதான். டீச்சர் நல்லா சிங்களம் பேசுவாங்க என்று சொல்லியிருக்கிறார்.

அவருக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை. செக் பொயிண்டில், பெற்றோல் செட்டில், கடையில் எல்லா இடத்திலும் சரளமாகப் பேசுகிறவர். அன்றைக்கு நான் பொலிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு அது வாயில் வரவில்லை. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் அன்று லீவில். அண்ணன் தமிழில் சொல்வதை நான் சிங்களத்தில் சொல்ல, பொலிஸ்காரர் வாக்குமூலம் எழுதினார்.

கல் அடித்ததைச் சொன்னார், சொன்னேன். நிறுத்தியதை, கொப்பு முறித்துப் போட்டதை, மண் போட்டதைச் சொன்னார். ஒன்றும் விடாமல் சொன்னேன். பிறகு அவர் சொன்னார்:

“நான் வேற வேன் கூப்பிடத்தாங்க பாத்தேன். சவுக்காரம் நிக்காதுன்னும் சொன்னேன். டீச்சர்தான் நேரமாச்சுன்னாங்க. நாளையிலருந்து வேற வேன் பாத்துக்கிறோம்னாங்க. அதனாலதாங்க எடுத்தேன்.”

பொலிஸ்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரே நிமிடத்தில் எத்தனை கணக்குப் போட்டேன்: அதிபர், வலயக் கல்வி அலுவலகம், இடமாற்றம், ஊர் வாய். விழுந்தவருக்குக் கால்தானே முறிந்திருக்கிறது என்றும் நினைத்தேன், அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

சவர்க்காரம் பூசினால் தாங்கும் என்று நினைத்து வேனை எடுத்தாராம் என்று சிங்களத்தில் சொன்னேன்.

பொலிஸ்காரர் எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசித்தார். அண்ணன் நான் சொன்னதையும் கேட்டார், அவர் வாசித்ததையும் கேட்டார். எல்லாம் விளங்கியது அவருக்கு. அவருக்கு விளங்கும் என்பதும் எனக்குத் தெரியும். என்னை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான் திருத்துவேன் என்று காத்திருந்தார் போல. பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தன் மகளுக்குப் படிப்பிக்கிற டீச்சரைப் பொலிஸ்காரன் முன்னால் பொய்க்காரி என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அந்த மரியாதையைத்தான் நான் தின்றேன்.

மோட்டார் சைக்கிள்காரர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வெளியில் தெரியாமல் தலைக்குள் அடி. செத்த வீட்டுக்கு நான் போகவில்லை. அவருடைய லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு வாரம் பாடசாலைக்கு வரவில்லை, அவர்களுக்கு அவர் சித்தப்பா. நான் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கால் முறிவு மரணமானதும் வழக்கும் வேறானது. முதல் நாள் ஒரே ஒரு வசனத்தில் திருத்தியிருக்கலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு அதைச் சொல்வதென்றால் பொலிசில் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அது கனத்தது. அண்ணனை மறியல் சிறையில் வைத்தார்கள். லைசென்ஸ் போனது, வேன் பொலிஸ் வாசலில் மழையில் நின்றது. எங்களுக்கு அடுத்த திங்கட்கிழமையே வேறு வேன் கிடைத்துவிட்டது. நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற ஏழு பேரில் ஒருத்தராவது சொல்லியிருக்கலாம் என்று அப்போது எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது, கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் மேல்.

அவர் பிணையில் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். மகள் என்னைக் கண்டதும் உட்காரக் கதிரை துடைத்துப் போட்டாள். அவள் அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அண்ணன் தோட்டத்தில் கான் வெட்டப் போகிறாராம், கையெல்லாம் காய்த்துக் கிடந்தது.

“நான் கோர்ட்ல வந்து உண்மையைச் சொல்றேன் அண்ணே” என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன வசனம் அது.

அவர் உள்ளங்கையில் காய்த்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா நான் தனியா நின்னுருக்க மாட்டேங்க டீச்சர். இப்ப சொன்னா உங்க வேலைக்கும்தான் வம்பு. வண்டிய எடுத்தது நான்தானே. விட்ருங்க.”

அவர் அதை மனதாரச் சொல்லவில்லை. ஒரு தடவை அவர் சொன்னதை மீறிப் பேசிய நான், இந்தத் தடவையும் மீறுவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விட்டுவிட்டேன்.