பலூனுக்குச் சவரம்

குரோம்பேட்டையில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு மேல் மாடியில் நான் பிசியோதெரபி கிளினிக் நடத்திக்கொண்டிருந்தபோது அந்த சலூன்காரர் வந்தார். சாயம் பூசிய மீசை. பேசும்போதெல்லாம் விரல்கள், கையில் இல்லாத கத்தரிக்கோலால் காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்ததில், எதையாவது தொடப் போனால் மட்டும் வலது கை ஆடியது.

சுவரிலிருந்த படத்தைக் காட்டினேன். "மரம் மாதிரி கிளை விட்டிருக்கே, இந்த நரம்பு செல்லுக்கு லட்சக்கணக்கான இழைங்க சேதி கொண்டுவருது. இது திருப்பிச் சொல்றது ஒண்ணுதான்: போதும், நிறுத்து. அந்த பிரேக் இருந்தாத்தான் கை சரியான இடத்துல நிக்கும். உங்களுக்குக் கொஞ்சம் செல் போயிடுச்சு. மிச்சத்தைப் பழக்கணும்."

"இன்னா சார், புதுசா தொழிலுக்கு வந்தவனைப் பழக்குற மாதிரியா?"

மறுநாள் ஒரு பாக்கெட் பலூனோடு வந்தார். பலூனில் நுரை தடவி, வெடிக்காமல் கத்தியால் வழிப்பதுதான் அவர் கடையில் புது ஆளுக்கு முதல் பாடமாம்.

இரண்டு மாதம் வெடித்தது. வெடித்த நுரையெல்லாம் என் சட்டையில். ஒரு சனிக்கிழமை காலை முதல் பலூன் வெடிக்கவில்லை. இரண்டாவதும் வெடிக்கவில்லை. மூன்றாவதை வழித்து முடித்தவர், புது பிளேடு மாட்டி நாற்காலியைத் தட்டினார்.

"உக்காருங்க சார்."

அத்தனை பேசிவிட்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தேன். கத்தி தொண்டைக்கு வந்தது.

"இன்னா சார் இது? ஆடாம உக்காருங்க!"

அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.