கோலியர்ஸ் வுட்டில் ஒரு பிரெஞ்சுக் குரல்

கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனுக்கு எதிரே, யாழ்ப்பாணத் தமிழர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கைபேசியைப் பார்த்தபடி நிற்கிறேன். கோவையில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து செய்த சிறிய செயற்கைக்கோளை, கட்டணத்துக்கு ராக்கெட் ஏவித் தரும் ஐரோப்பிய நிறுவனம் ஒன்று தென்னமெரிக்காவிலிருந்து சற்றுமுன் ஏவியிருக்கிறது. பலத்த காற்றால் ஏற்கெனவே தள்ளிப்போன பயணம் இது. அதற்கான இன்ஷூரன்ஸ் பேச லண்டன் வந்த நான், தனியாக நேரலை பார்க்கிறேன். கேட்பது கட்டுப்பாட்டு அறையின் குரல் மட்டும், அதுவும் பிரெஞ்சில். ஒரு சொல்லும் புரியவில்லை.

கல்லாவில் நிற்கும் அக்கா நிமிர்கிறார்.

"சத்தத்தைக் கூட்டுங்கோ தம்பி. நான் பாரிசில கனகாலம் இருந்தனான்."

கூட்டுகிறேன். கூர்ந்து கேட்கிறார்.

"எல்லாம் ஒழுங்காப் போகுதாம்."

பிறகு குரல் நின்றுவிடுகிறது.

"ஏன்க்கா ஒண்ணும் பேச மாட்டேங்கறாங்க?"

"கொஞ்சம் பொறுங்கோ."

பார்சலுக்குக் காத்திருப்பவர்களும் என் கைபேசிப் பக்கம் திரும்புகிறார்கள். மறுபடி குரல் வருகிறது. பின்னால் கைதட்டல்.

"உங்கட சாமான் ரொக்கெட்டில இருந்து நல்லபடியாப் பிரிஞ்சிட்டுதாம்."

சிறிது நேரத்தில் கோவையிலிருந்து செய்தி வருகிறது: 'சிக்னல் வந்துருச்சுடா.' அதை அக்காவிடம் வாசித்துக் காட்டுகிறேன். நின்றபடியே இன்னொரு முறை வாசிக்கிறேன். அவர் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளுகிறார்.

"முதல்ல இருங்கோ."

உட்கார்கிறேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

"சூடா என்ன இருக்குக்கா?"